கால் மணி நேரப் புத்தகத்தில் ஒரு பேக்கரிக்காரர்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றைக்கு எழவு வீட்டில் என் மானம் போனது. வாயால் போகவில்லை, சட்டைப் பையால் போனது.

ரைஸ்மில் குழந்தைசாமி காலமாகிவிட்டான். என்னோடு பத்தாவது படித்தவன். நான் அந்தப் பத்தாவதை இன்னொரு தடவையும் படித்தேன் என்பது வேறு விஷயம். நேற்றுக் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம், அவ்வளவுதான். மாலையைப் போட்டுவிட்டு ஆம்பளைகளோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒப்பாரி சித்த நேரம் ஓய்ந்திருந்தது. அப்போது பார்த்து என் பையிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது: "நீங்கள் நூறு வயது வரை வாழ விரும்புகிறீர்களா?"

எல்லாரும் திரும்பினார்கள். போனை எடுத்து அமுக்கினேன், நிற்கவில்லை. "அப்படியானால் போய்ச் சேர்ந்தவர்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்" என்றது. எதை அமுக்கினேனோ தெரியவில்லை, அடுத்த வரியிலிருந்து இரண்டு மடங்கு வேகத்தில் பேச ஆரம்பித்துவிட்டது. பந்தலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, வேப்பமரம் வரைக்கும் ஓடினேன். தவறுகளும் என்னோடு ஓடி வந்தன. மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது கடைசித் தவறைச் சொல்லிக்கொண்டிருந்தது: "ஓடும்போது நெஞ்சை அடைத்தால் வாயு என்று சொல்லிவிடுவது."

வண்டியில் திரும்பும்போது என் வீட்டுக்காரி துளசிமணி ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். "நம்ம ஊட்டு எழவுலயாச்சும் அதை அமுத்தி வெய்யுங்க."

இது மிருதுளா செய்த வேலை. மகள் சென்னையில் இருக்கிறாள். தடித்தடி புத்தகங்களை, உடம்பு பற்றியும் முன்னேற்றம் பற்றியும் வருகிறவற்றை, கால் மணி நேரத்துக்குச் சுருக்கித் தமிழில் போனில் போடுகிற கம்பெனியில் வேலை. பொங்கலுக்கு வந்தபோது நான் மைதா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். லேசாக வாயு பிடித்து உட்கார்ந்தேன், அதைப் பார்த்துவிட்டாள். உள்ளூர் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர், "ஈரோட்டுக்குப் போய் இருதய டாக்டரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார். மாசி மாதக் கல்யாண ஆர்டரெல்லாம் முடியட்டும் என்றேன். "அவரு சொன்னாலும் கேக்கமாட்டீங்க, நான் சொன்னாலும் கேக்கமாட்டீங்க, இது சொல்றதையாச்சும் கேளுங்கப்பா" என்று போனில் ஏற்றிவிட்டுப் பஸ் ஏறினாள்.

டைரி எழுதினால் மனசு லேசாகும் என்று ஒரு சுருக்கம் சொல்கிறது. மைதா மில்காரர்கள் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

இன்றைய புத்தகம் காலையில் சாப்பிடாமல் இருப்பது பற்றி. எழுதியவர் வெள்ளைக்காரர், அவருக்கு பேக்கரி கிடையாது. நான் வெறும் வயிற்றோடு கல்லாவில் உட்கார்ந்திருக்க, பின்னால் கேக் மாஸ்டர் அருளப்பன் தேங்காய் பன் தட்டை அடுப்பிலிருந்து உருவினார். புத்தகத்தின் கடைசி வரி: "உங்கள் உடல் சொல்வதைக் கேளுங்கள்." கேட்டேன். தட்டில் பாதி காலி.

பிப்ரவரி 5, வியாழன்

இன்றைய புத்தகம் காலையில் ராஜா மாதிரி சாப்பிடச் சொல்கிறது.

"நேத்துப் பட்டினி கெடக்கோணும்னீங்க?" என்றாள் துளசிமணி.

"அது நேத்துப் புத்தகம்."

"அப்ப நேத்து ஆட்டுன தோசை மாவு இன்னிக்கு ராஜாவுக்கு ஆகுமா?"

ஆயிற்று.

பிப்ரவரி 7, சனி

சர்க்கரை பற்றிய புத்தகம். கடைசி வரை கேட்டேன். முப்பது வருஷமாக ஊருக்கே விஷம் வைத்திருக்கிறேன்! ஒரு அட்டையில் "சர்க்கரை உடம்புக்குக் கேடு" என்று சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதி, கேக் கண்ணாடிப் பெட்டியின்மேல் ஒட்டினேன்.

அருளப்பன் மாஸ்டர் மாவுக் கையோடு வந்து நின்று படித்தார். நாகர்கோவில்காரர், எதையும் நிதானமாகத்தான் கேட்பார். "அப்போ மொதலாளி, நான் நாளைக்கு என்னத்தப் போடணும்? அட்டையா?"

பிறந்தநாள் கேக் வாங்க வந்த ஒருத்தரிடம், குழந்தையின் ஈரலுக்கு என்ன ஆகும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதிர்க்கடைக்குப் போய் இரண்டு கிலோ கேக்கில் என் பேச்சுக்குப் பதில் சொல்கிற மாதிரி நிறைய ரோஜாப்பூ வைத்து வாங்கிக்கொண்டு, எங்கள் கடை வழியாகவே திரும்பிப் போனார்.

பொழுதோட, விளக்குப் போடும் நேரத்துக்கு, அட்டையைக் கிழித்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இன்றைய சுருக்கம் பழக்க வழக்கங்கள் பற்றியது. நடுவில் ஒரு உதாரணம் வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"ஈரோடு மாவட்டத்தில் ஒரு பேக்கரிக்காரர். மாவு மூட்டையைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். கேட்டால் வாயு என்பார். டாக்டரிடம் போகச் சொன்னால் ஆர்டர் இருக்கிறது என்பார். நல்ல பழக்கத்தைத் தொடங்குவது கடினம் என்று யார் சொன்னது? கெட்ட பழக்கத்தை இவரைப் போல இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிப்பதுதான் கடினம்."

விழுந்து விழுந்து சிரித்தேன். இப்படியும் ஒரு முட்டாளா! நம் தொழிலுக்கே கேவலம். எழுதியது யார் என்று பெயர் போடுவதில்லை. ஆள் யாராக இருக்கும் என்று யோசித்தேன். பக்கத்து டவுன் கோபியில் ஒருத்தன் இருக்கிறான், வர்க்கி போடுகிறவன், வறட்டுப் பிடிவாதம். அவனாகத்தான் இருக்கும்.

கடைக்கும் வீட்டுக்கும் ஒரே மொட்டை மாடி. அங்கே தண்ணித் தொட்டியைப் பார்க்கப் போனவன் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் அந்தியூர் நன்றாகத்தான் இருக்கிறது. சித்த நேரம் பார்த்தேன். தொட்டியைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

வாயு. ஓமத்தண்ணி.

பிப்ரவரி 12, வியாழன்

மத்தியானம் மிருதுளா போன் போட்டாள்.

"அப்பா, ஈரோடு போனீங்களா?"

"அங்க மழையா கண்ணு?"

"பிப்ரவரில ஏதுப்பா மழை?"

"இல்ல, டிவில என்னமோ சொன்னான்..."

"அப்பா."

"சாப்பிட்டயா? சரி, கடையில ஆளு நிக்கறாங்க, வெச்சர்றேன்."

கடையில் ஒரு ஈ நின்றது.

சாயங்காலம் வந்த புத்தகம் மனம் விட்டுப் பேசுவது பற்றி. அதிலும் அந்தக் கோபிக்காரன்! "பேக்கரிக்காரரின் மகள் உடம்பைப் பற்றிக் கேட்டால், அவர் சென்னையின் மழையைப் பற்றிக் கேட்பார். வானிலை மையத்துக்கே தெரியாத மழைகள் அவருக்குத் தெரியும்."

உலகத்தில் எல்லா அப்பன்களும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. இதை இரண்டு தடவை கேட்டேன். தூங்கப் போகும் முன் இன்னொரு தடவை. மொழிநடை நன்றாக இருக்கிறது, அதற்காக.

பிப்ரவரி 14, சனி

வாடிக்கையாளர்களுக்கெல்லாம் இந்தச் சுருக்கத்தை நான்தான் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். அதன் பலன் இன்று கிடைத்தது.

கண்டக்டர் ரங்கசாமி ரிடையர் ஆகி நாலு வருஷம். பஸ்ஸில் நின்ற காலமெல்லாம் சேர்த்து எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து தீர்க்கிறார். காலையிலேயே கோபமாக வந்தார்.

"ஏனுங்க மொதலாளி, கேட்டீங்களா? அந்தப் பேக்கரிக்காரன் இன்னும் டாக்டர்கிட்டப் போகலையாமா!"

"கேட்டேனுங்க."

"பெத்த புள்ள போன் போட்டுக் கெஞ்சுது, இவன் மழையான்னு கேக்கறான். இவனெல்லாம் ஒரு அப்பனுங்களா? என் பஸ்ஸுல ஏறியிருந்தா நடுக்காட்டுல எறக்கி உட்டிருப்பேன்."

உரக்கடைக்காரர் பப்ஸைக் கடித்தபடி, "புத்தகத்தை எவன் கேக்கறான்? அந்தாளு போனானா இல்லையான்னுதான் நானே தெறக்கறேன்" என்றார்.

உண்மைதான். சுருக்கத்துக்குக் கீழே கேட்ட ஆட்கள் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினார்கள். தூத்துக்குடியில் ஒருத்தர், பேக்கரிக்காரர் ஈரோடு போனால் திருச்செந்தூரில் மொட்டை போடுவதாக வேண்டியிருக்கிறார். ஆம்பூரில் ஒருத்தர், "அண்ணே, எங்க ஊரு பிரியாணி சாப்பிடாம செத்துடாதீங்க" என்று உருகியிருக்கிறார். ஒரு அம்மா, கடை விலாசம் கொடுத்தால் நேரில் வந்து திட்டிவிட்டுப் போகிறேன், பஸ் காசு என்னுடையது என்கிறார்.

"நீங்களே சொல்லுங்க மொதலாளி, நீங்களும் அதே தொழில். அவனை என்ன பண்ணோணும்?" என்றார் ரங்கசாமி.

பெஞ்சு முழுக்க என்னைப் பார்த்தது. "தூக்கிக் கார்ல போட்டுக் கொண்டு போகோணுமுங்க" என்றேன்.

"அப்புடிச் சொல்லுங்க!" என்று தொடையைத் தட்டினார்.

அருளப்பன் மாஸ்டர் ரஸ்க் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தட்டு ரஸ்க் கருகிவிட்டது. அவர் கையில் ரஸ்க் கருகி நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

பச்சைத்தண்ணீர்க் குளியல் பற்றிய புத்தகம். இதில் பேக்கரிக்காரர் வரவில்லை. பாதியிலேயே அமுக்கிவிட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

துளசிமணி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "அந்தப் பேக்கரிக்காரரு இன்னிக்கு என்ன பண்ணுனாராமா?"

"அவனா? படியில உக்காந்து ஊரை வேடிக்கை பாத்தானாம்."

"ஓ. எந்தப் படியில?"

"அதெல்லாம் போடலை." பிறகு பேச்சை மாற்ற, "அவம் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லமாட்டாளா?" என்றேன்.

"சொல்லுவாளாட்டம் இருக்குது. வருசக்கணக்கா சொல்றா. அதைச் சுருக்கி எழுதத்தான் ஆளில்லை."

வெங்காயம் ரொம்பக் காரம் போல. மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து போனாள்.

நான் படியில் உட்கார்ந்தது சென்னைக்கு எப்படித் தெரிந்தது என்று இப்போதுதான் யோசிக்கிறேன். கோபிக்காரன் வீட்டிலும் படி இருக்கும்.

பிப்ரவரி 19, வியாழன்

இன்றைய புத்தகம் அலமாரியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது பற்றி. ஜப்பானோ என்னமோ, துணியை உருட்டி நிற்க வைக்கச் சொல்கிறார்கள். அலமாரிக்கும் அந்த ஆளுக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் வந்துவிட்டார்: "வேண்டாததை எறியுங்கள். பேக்கரிக்காரரிடம் எறிய வேண்டியது ஒன்றுதான் இருக்கிறது, அது அலமாரியில் இல்லை, அவருடைய வாயில் இருக்கிறது. அதன் பெயர் 'ஆகட்டும் பாக்கலாம்'."

நான் என் வேட்டிகளை உருட்டி நிற்க வைத்தேன். சாய்ந்துவிட்டன.

மிருதுளா கூப்பிட்டாள். குரல் களைப்பாக இருந்தது.

"அப்பா, ஆபீஸ்ல மேனேஜர் கூப்புட்டுப் பேசுனாருப்பா. புத்தகத்தை எழுதச் சொன்னா பேக்கரிக்காரரை எழுதறயேன்னு."

"திட்டுனாரா?"

"இல்ல. புத்தகத்தைக் கொறைச்சுக்கிட்டு பேக்கரிக்காரரைச் சேத்தி எழுதச் சொன்னாரு. அவருக்குத்தான் கூட்டம்."

"யாரு கண்ணு அந்த ஆளு?"

அவளுக்குப் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"உங்களுக்குத் தெரியலையாப்பா?"

"கோபிக்காரனா?"

வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று எதுவும் வரவில்லை. நெட் இல்லையோ என்று பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய்ப் பார்த்தேன். நெட் இருந்தது. வழியில் மூன்று இடத்தில் நின்றேன். எல்லா இடத்திலும் யாரோ தெரிந்தவர் மாதிரி இருந்தது, அதனால்.

பிப்ரவரி 21, சனி

இன்றும் இல்லை. கடையில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். கோபத்தை அடக்குவது பற்றிய பழைய சுருக்கத்தை எடுத்துக் கேட்டேன். அதில் கோபம்தான் வந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

சாயங்காலம் வந்தது! கையைத் துடைக்காமல் மாவோடு அமுக்கினேன். அந்த மெஷின் குரல், எப்போதும் போல சந்தோஷமாகப் படித்தது:

"இன்று புத்தகம் எதுவும் இல்லை. சுருக்குவதற்கும் ஒன்றும் இல்லை. பேக்கரிக்காரர் இன்னும் போகவில்லை. இதை எழுதுகிறவள் ஊருக்குப் பஸ் ஏறுகிறாள். வாழ்த்துகள்! இன்றைய நூலை வெற்றிகரமாக முடித்துவிட்டீர்கள்." திரையில் கலர் கலராகப் பூ கொட்டியது.

உள்ளே போய்த் துளசிமணியிடம், "கோபிக்காரன் மக ஊருக்கு வர்றாளாமா" என்றேன்.

அவள் அரிசியை அளந்துகொண்டிருந்தாள். "ஆப்பத்துக்குத்தான் ஊறப் போடறேன். அவளுக்குப் புடிக்குமே."

பிப்ரவரி 23, திங்கள்

பஸ் எங்கள் கடைக்கு எதிரில்தான் நிற்கும். மிருதுளா முதுகில் பையோடு இறங்கினாள். நேரே வந்து கல்லாவுக்கு முன்னால் நின்றாள், கடன் வசூல் பண்ண வந்தவள் மாதிரி.

ரங்கசாமி அவளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடித்த முகம் மெல்ல மெல்ல வந்தது.

"ஏனுங்க மொதலாளி... பாப்பாவுக்கு எந்தக் கம்பெனில வேலைன்னு சொன்னீங்க?"

நான் பன்னை அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கின பன்.

அடுப்புப் பக்கமிருந்து அருளப்பன் மாஸ்டர் குரல் வந்தது. "படியில உக்காந்தத நாந்தான் பாப்பாட்ட சொன்னேன் மொதலாளி. வேலைய விட்டு நிறுத்துனாலும் சரி."

"அட நாசமாப் போறவனே!" ரங்கசாமி பெஞ்சிலிருந்து எழுந்தார். மரியாதையெல்லாம் அந்தியூர் எல்லையைத் தாண்டிவிட்டது. "நீதானாய்யா அது? ரெண்டு வாரமா உன் கடை டீயைக் குடிச்சுட்டு உன்னையவே திட்டிட்டு இருந்திருக்கறேன், நீயும் எங்ககூட ஒட்டுக்காத் தலையாட்டிட்டு இருந்திருக்கறே!"

"ஒரு கேக் ஆர்டர் இருக்குதுங்க, அதை மட்டும் முடிச்சுட்டு..."

"டேய், புடிங்கடா!"

நாற்காலியோடு தூக்கினார்கள். உரக்கடைக்காரர் காரைக் கொண்டுவந்தார். பப்ஸ் தின்ன வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் ஒரு கை போட்டார்கள். துளசிமணி எங்கிருந்தோ துணி மணி, தண்ணி பாட்டில், இந்த டைரி எல்லாம் அடங்கிய ஒரு பையோடு தயாராக வந்து ஏறினாள். அந்தப் பையை எத்தனை நாளாகக் கட்டி வைத்திருந்தாளோ! ரங்கசாமி முன் சீட்டில் உட்கார்ந்து விசிலடித்தார். "போலாம் ரைட்!"

பவானி தாண்டும்போது, "சித்த நேரம் நிறுத்துங்க, எறங்கிக்கறேன்" என்றேன்.

"ஸ்டாப்பிங் இல்லை" என்றார்.

மிருதுளா பின்சீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். விரலைத் தளர்த்தவே இல்லை. கை ஜில்லென்று இருந்தது. அவள் கையா, என் கையா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் விளக்க ஆரம்பித்தார். சின்ன வயசு, கண்ணாடி போட்டவர். ஒன்றும் புரியவில்லை. "சுருக்கமாச் சொல்லுங்க சார்" என்றேன்.

"அடைப்பு" என்றார்.

இவ்வளவு சுருக்கம் வேண்டாம் என்று பட்டது. "கொஞ்சம் விரிவாச் சொன்னா?"

"ரெண்டு அடைப்பு."

துளசிமணி என் பக்கம் திரும்பவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் தள்ளியிருந்தா இங்க நடந்து வந்திருக்கமாட்டீங்க" என்றார்.

நான் நடந்து வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்ல நினைத்தேன். அந்த நேரத்துக்கு அது சரியாக இருக்காது.

நாளைக்குக் காலையில் ரத்தக் குழாய்க்குள் ஸ்பிரிங் வைக்கிறார்கள்.

பிப்ரவரி 26, வியாழன்

வைத்தாயிற்று. முழிப்போடுதான் இருந்தேன், கை வழியாகக் கம்பியை விட்டு வேலையை முடித்துவிட்டார்கள். மூச்சு இவ்வளவு தாராளமாக வரும் என்பதே மறந்து போயிருக்கிறது.

துளசிமணி இட்லி வாங்கக் கீழே போனாள். மிருதுளா கட்டிலோரம் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டி முடித்து வாசித்துக் காட்டினாள்: "பேக்கரிக்காரர் நலம். அடைப்பு நீக்கப்பட்டது. அக்கறை காட்டிய அனைவருக்கும் நன்றி. நாளை முதல் வழக்கம்போல் புத்தகங்கள் மட்டும்."

"அவ்வளவுதானா?" என்றேன்.

"பொறகென்னப்பா? கதை முடிஞ்சுதே. தூத்துக்குடிக்காரரு மொட்டைக்குக் கெளம்பிட்டாரு." சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். "ஞாயித்துக்கெழம பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுட்டேன்."

"ம்."

"அப்பா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. அத்தனை நாளும் கேட்டீங்களே, அது நீங்கதான்னு நெசமாவே தெரியலையா?"

"சத்தியமா கோபிக்காரன்னுதான் கண்ணு நெனச்சேன்."

"உங்களை..." என்று என் தோளில் ஒரு குத்து விட்டாள். நர்ஸ் எட்டிப் பார்த்து முறைத்துவிட்டுப் போனார்.

வாய் வரைக்கும் வந்ததைச் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

முதல் நாளே தெரியும் கண்ணு, இந்த டைரியிடமும் கோபிக்காரன் என்றே நடித்துவிட்டேன். நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து நம்ம பேச்செல்லாம் சாப்பிட்டாச்சா, மழையா, வெச்சர்றேன் என்பதோடு சரி. அந்தச் சுருக்கத்தில் மட்டும்தான் என்னைப் பற்றி அவ்வளவு பேசினாய். ஈரோடு போய்விட்டால் நிறுத்திவிடுவாய் என்றுதான், இன்னும் ஒரே ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் என்று இருந்துவிட்டேன்.